நாற்பத்துநாலு ஏழு

ஏப்ரல் 6, ஞாயிறு

புது டைரி. நல்லதை எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், அதனால் பேரப்பிள்ளைகளைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். மூத்தவன் மகன் கௌதம் ஓசூரில் மோட்டார் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குக் கீழே பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். அவன் தங்கை யாழினி நர்ஸ் படிப்பில் கல்லூரியிலேயே இரண்டாவதாக வந்தாள். இளையவன் மகன் முகில் நீச்சலில் வெள்ளி மெடல் வாங்கினான். தங்கம் வாங்கிய பையன் இவனைவிட ஒன்றரை வயது மூத்தவனாம், ஆகவே இவனுடையதும் தங்கம் மாதிரிதான். மகள் வீட்டுப் பேத்தி சிந்துஜா கோயமுத்தூரில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிற டாக்டர். ஐந்தாவதோடு நின்றுவிட்ட இந்த நாச்சம்மாளுக்கு இப்படி ஒரு பேத்தி என்று கோபி ஹவுசிங் யூனிட்டில் தெரியாத ஆள் கிடையாது. தெரியாதவர்களுக்கு நான் சொல்லிவிடுவேன்.

ஹாலில் நான்கு ஆணி அடித்து நான்கு பேர் போட்டோவையும் மாட்டியிருக்கிறேன். சிந்துஜாவுடையது மட்டும் பழசு, பத்தாவது படிக்கையில் ரெட்டைச் சடையோடு எடுத்தது.

அவள் இன்று வந்து இறங்கினாள். இரண்டு மாதம் இங்கேதான். இந்த டைரியும் அவள் கொடுத்ததுதான். தினமும் நாலு வரி எழுதினால் கையெழுத்து மறக்காதாம். எங்கள் யூனிட்டில் பிரஷர் மாத்திரை வாங்கும் பெண்கள் அறுபத்தொரு பேர் இருக்கிறோம். வாங்குகிறவர்கள் எல்லாரும் சாப்பிடுகிறார்களா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. முதலில் வீடு வீடாகப் போய்ப் படிவத்தில் எண்ணிக்கை எழுதிக்கொள்வாள். அப்புறம் சில பேரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவாள்.

“ஒரே ஆளுங்ககிட்ட எதுக்குக் கண்ணு ரெண்டு தடவ கேக்கறே?” என்றேன்.

“எத்தன பேரு மாத்தரய உடறாங்கன்னு கணக்கு சொல்லும் அம்மாயி. ஏன் உடறாங்கன்னு அது சொல்லாது. அதுக்கு உக்காந்து பேசோணும்.”

“அப்பப் பேச்சே போதுமே.”

“நாலு பேரு பேசுனத வெச்சு ஊரே அப்பிடித்தான்னு சொல்லிரக் கூடாதுல்லீங்க.”

படித்த பிள்ளை. சரி என்று விட்டுவிட்டேன். காலையில் மாத்திரை போட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று வள்ளி கும்மிப் பயிற்சி. காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை பள்ளிக்கூட மைதானத்தில். ஜூன் எட்டாம் தேதி அரங்கேற்றம். இருபத்தொன்பது பெண்கள் ஆடுகிறோம், நான் முன்வரிசை. ஆசிரியர் குழந்தைசாமிக்கு என் பேரன் வயதுதான், ஆனாலும் அடி தப்பினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். மாத்திரையைப் பற்றி இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில் மாத்திரை போட்டேன்.

படிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க சிந்துஜா முதலில் என்னிடம் கேட்டாள். பன்னிரண்டு கேள்விகள். போன வாரம் எத்தனை நாள் மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பது எட்டாவது கேள்வி. ஏழு என்றேன். எழுதிக்கொண்டாள். இன்னும் பதினொரு கேள்விக்கும் எது சரியான பதில் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நூற்றுக்கு நூறு.

ஆனால் மற்றவர்கள் என்ன சொல்வார்களோ. பாப்பாத்திக்குப் பேச்சு வராது. தெய்வானை எதையாவது உளறி வைப்பாள். பிள்ளை பட்டம் இவர்கள் வாயில் இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

பயிற்சி முடிந்ததும் எல்லாரையும் வேப்பமரத்தடியில் நிறுத்திச் சொல்லிவிட்டேன். என் பேத்தி பேப்பரோடு வருவாள், எத்தனை நாள் என்று கேட்டால் ஏழு, மறந்தது உண்டா என்று கேட்டால் இல்லை. அவ்வளவுதான், கஷ்டமான பாடம் ஒன்றும் இல்லை. கும்மிக்கு வராதவர்களுக்குச் சொல்ல ஏ பிளாக் பாப்பாத்தி பொறுப்பு, பி பிளாக் தெய்வானை, சி பிளாக் நானே. சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டோம்.

டி பிளாக்குக்குப் போகவில்லை. அது ராசாமணி பிளாக். போன தடவை கும்மியில் நான் முன்வரிசையில் அவள் இடத்தில் நின்றேன். ஒரே ஒரு நாள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை, அவளோடு டி பிளாக் முழுக்க நின்றுவிட்டது. இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அவர்கள் தோன்றியதைச் சொல்லட்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பயிற்சி. வெயில் அதிகம்.

சித்திரை ஒன்றாம் தேதிக்குச் செய்த பாயசம் மீந்திருந்தது, அதைக் குடித்துக்கொண்டே சிந்துஜா சொன்னாள், இந்த யூனிட் மாதிரி ஒத்துழைப்பு எங்கேயும் பார்த்ததில்லையாம். கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறதாம். தெய்வானையிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாளாம், அதற்கும் ஏழு என்றாளாம். அவளும் அவள் வீட்டுக்காரரும்தான் இருக்கிறார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

டி பிளாக்கை முடித்துவிட்டாளாம். ராசாமணி காபி கொடுத்து, ஒரு மணி நேரம் பேசி, போன வாரம் ஐந்து நாள்தான் சாப்பிட்டேன் என்று எழுதச் சொன்னாளாம். மற்றவர்கள் மூன்று, நான்கு, ஏழு என்று ஆளுக்கு ஒன்று. நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னது.

ஏப்ரல் 20, ஞாயிறு

பிரஷர் பார்க்கிற மிஷின் கொண்டுவந்திருக்கிறாள். எல்லார் கையிலும் சுற்றிச் சுற்றி எழுதுகிறாள். எனக்கு இரண்டு தடவை பார்த்தாள். அப்புறம் கையை மாற்றிப் பார்த்தாள். மிஷினில் பேட்டரி தீர்ந்திருக்கும்.

ஏப்ரல் 28, திங்கள்

எண்ணிக்கையை எல்லாம் கைடு அம்மாவிடம் காட்ட சிந்துஜா கோயமுத்தூர் போனாள். கைடு என்றால் அவளுடைய பேராசிரியர், அமலோற்பவம் என்று பெயர். ஒரு டப்பா முறுக்குக் கொடுத்தனுப்பினேன். ஏழு ஏழாகப் பார்த்தால் அந்த அம்மாவுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

மே 2, வெள்ளி

வந்துவிட்டாள். பை கனமாகவே திரும்பி வந்தது, முறுக்கு டப்பாவை எடுத்துக் கொடுக்கவே மறந்துவிட்டாளாம். சோறும் சாப்பிடவில்லை. பலமுறை கேட்ட பிறகுதான் சொன்னாள். ஏ, பி, சி மூன்று பிளாக்கிலும் சேர்த்து நாற்பத்தாறு பேர். அதில் நாற்பத்துநாலு பேருக்கு ஏழு. மனுஷர்கள் இப்படி ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள், அதிலும் ஏழு நாளும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மிஷினில் இவ்வளவு பிரஷர் காட்டாது என்றாராம் கைடு அம்மா. டி பிளாக் மட்டும் நிஜம் போல இருக்கிறதாம்.

“ஒரு பிளாக்குக்கு மட்டும் போயிட்டு, மீதிய நானே ஊட்டுல உக்காந்து எழுதிட்டேன்னு நெனைக்கறாங்க அம்மாயி.”

பதினான்காம் தேதி கமிட்டி உட்காருகிறதாம். அதற்குள் இது எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பொய் எழுதியவள் என்ற பெயர் வேறு.

அந்தக் கைடு அம்மா நல்ல நேரத்தில் பிறந்தவராகத் தெரியவில்லை. பிள்ளையைச் சந்தேகப்படுகிற கண் நன்றாக இருக்குமா.

மாவு புளித்துவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்தான் ஊற்ற வேண்டும்.

மே 3, சனி

ஊத்தப்பம். பயிற்சி.

மே 4, ஞாயிறு

கழுத்து வலி. தலையணையை மாற்ற வேண்டும். சிந்துஜா படிவங்களைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். தெய்வானை படிவத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். நான் போஸ்ட் ஆபீசுக்குப் போய்விட்டு வந்தேன். இன்று ஞாயிறு, லீவு என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

மே 6, செவ்வாய்

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

மூன்றாவது பாட்டில் திரும்பி அடிக்கையில் மைதானம் என்னோடு சேர்ந்து திரும்பியது. அது நிற்கவில்லை, நான்தான் உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் விசிறினார்கள். பால் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன ராசாமணி உள்ளே வந்துவிட்டாள். ஆட்டத்தைத் தொடரச் சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இன்றைக்கு மாத்திரை போட்டீர்களா என்பதுதான். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

“கும்மி அன்னைக்கு ஒருத்தரும் போடறதில்ல. எனக்குத் தெரியாதாக்கா? அது போட்டா அரை மணிக்கு ஒருக்கா எந்திரிச்சுப் போகோணும். இங்க பாத்ரூம் பூட்டிக் கெடக்குது. ரண்டர மணி நேரம் எப்பிடி அடக்கறது? ஆம்பள வாத்தியார்கிட்டப் போயி இதச் சொல்ல முடியுமா? அதுதான் நான் நின்னுட்டேன்.”

“நான் உன்ற எடத்துல நின்னதுக்குத்தான் கோவிச்சுட்டுப் போனேன்னு நெனச்சேன் ராசு.”

“எடமா? அதுக்கெல்லாமாக்கா ஒருத்தி ரண்டு வருசம் பேசாம இருப்பா? நீங்க பேசல. சரி, என்னமோ கோவம்னு நானும் பேசல.”

நான் அவள் இடத்தில் நின்றது ஒரு நாள், அவள் நின்றுபோனது மறுநாள். தேதி சரிதான். ஆனால் காரணத்தை நானே எழுதிக்கொண்டு, இரண்டு வருஷம் அதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். அவளைக் கேட்கவே இல்லை.

கைத்தாங்கலாக வீடுவரை கொண்டுவந்து விட்டாள். போகும்போது, உங்கள் பேத்தி நல்ல பிள்ளை, நாம் சொல்வதை முகம் பார்த்துக் கேட்கிறாள் என்றாள்.

மே 7, புதன்

மாத்திரை போட்டேன். பிறகு பூஜை அலமாரியில் இருக்கும் பழைய மிட்டாய் டப்பாவை எடுத்துவந்து சிந்துஜா முன்னால் வைத்தேன். திறந்து பார்த்தாள். எண்ணினாள். இருபத்தொன்பது மாத்திரைகள்.

எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பமரத்தடி, பாப்பாத்தி, தெய்வானை, சி பிளாக், ஏழு. அவள் கத்தியிருந்தால் தேவலை. காலண்டர் முன்னால் போய் நின்று எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். கும்மி ஆரம்பித்த மார்ச் ஒன்றிலிருந்து நேற்று வரைக்கும் செவ்வாய், வியாழன், சனி எத்தனை என்று எண்ணினாளாம். அதுவும் இருபத்தொன்பது. (போன தடவைக் கும்மியைப் பற்றி அவள் கேட்கவில்லை.)

“எங்கிட்டயே ஏழுன்னு சொன்னீங்களே அம்மாயி.”

“உனக்கு மார்க்குக் கொறையுமேன்னுதான் சாமி.”

“அது பரிச்ச இல்லீங்க. உங்களுக்கு என்ன கஷ்டம்னு கேக்க வந்த தாளு அது.”

இவ்வளவு படித்த பிள்ளைக்கு நான் பாடம் சொல்லிக் கொடுக்கப் போயிருக்கிறேன். அவள் சாயங்காலம் வரை படிவங்களோடு அறையிலேயே இருந்தாள். விளக்கு வைத்தபிறகு வந்து, எந்தத் தேதி, யாருக்கு யார் சொன்னது என்று ஞாபகம் இருக்கிறதா என்றாள். டைரியில் இருக்கிறது என்றேன். நின்றுகொண்டே படித்தாள். ஏப்ரல் பத்தாம் தேதிப் பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் சண்டையால்தான் டி பிளாக் தப்பித்திருக்கிறது, அந்தப் பதினைந்து பேர் சொன்னதோடு மற்றவர்கள் சொன்னதை ஒப்பிட்டால், சொல்லிக் கொடுத்ததால் எவ்வளவு மாறியது என்று கணக்காகவே பார்க்கலாமாம். இதைக் கைடு அம்மாவிடம் காட்டலாமா என்று அனுமதி கேட்டாள்.

காட்டு, மே இரண்டாம் தேதிப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் காட்டு என்றேன். பிடிக்காத பக்கத்தைக் கிழித்தால் அது ஆராய்ச்சி இல்லை என்கிறாள். அந்தப் பக்கத்தில் கைடு அம்மா எந்த நேரத்தில் பிறந்தார் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

மே 14, புதன்

கோயமுத்தூர் போய்வந்தாயிற்று. வரவேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. விடியற்காலையில் மாத்திரையும் போட்டேன், பஸ்ஸும் ஏறினேன். புளியம்பட்டி வரும்போதே எனக்குத் தாளவில்லை. கண்டக்டர் தம்பியிடம் போய், நான் வரும்வரை பஸ்ஸை எடுக்காதே என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். எழுபத்திரண்டு வயதில் முதல்தடவையாக இதை ஒரு ஆம்பளையிடம் வாய்விட்டுச் சொல்கிறேன். அவர் சரிம்மா என்றார். அவ்வளவுதான் விஷயம். எனக்குப் பின்னாலேயே இன்னும் மூன்று பெண்கள் இறங்கினார்கள்.

கமிட்டியில் மூன்று பேர். சிந்துஜா படிவங்களையும் டைரியையும் மாத்திரை டப்பாவையும் வரிசையாக வைத்துப் பேசினாள். அமலோற்பவம் அம்மா டைரியைப் பக்கம் பக்கமாகப் படித்தார். மே இரண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நான் தரையில் இருந்த டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம் என்னைப் பார்த்து, இத்தனை நாள் மாத்திரையை விட்டதை ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார்.

“எத்தன நாளுன்னுதானுங்க அந்தத் தாள்ல கேட்டிருக்குது. ஏன்னு எழுதறதுக்கு அதுல எடமே இல்லீங்களே.”

மூன்று பேரும் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

முடிவு இதுதான். சிந்துஜா பொய் எழுதவில்லை என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. நாற்பத்துநாலு ஏழுகளையும் தூக்கி எறியக் கூடாது, அவை எப்படி வந்தன என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். இனிமேல் எத்தனை நாள் என்று வாயால் கேட்பதோடு, மாத்திரை அட்டையையும் எண்ண வேண்டும். முதலில் பத்துப் பேரோடு பேசுவதாக இருந்ததை இருபதாக்க வேண்டும். அதில் டி பிளாக்கிலிருந்து ஐந்து பேராவது இருக்க வேண்டும்.

வெளியே வந்தபிறகு அமலோற்பவம் அம்மா என்னைத் தனியாக அழைத்து, முறுக்கு இன்னும் இருக்கிறதா என்றார். கொண்டுபோயிருந்தேன். ஒன்றைக் கடித்துக்கொண்டே சொன்னார், “நாள் முழுக்க வைவா பரீட்சை இருக்கற அன்னைக்கு நானும் மாத்திரை போடறதில்லம்மா. இதயும் டைரில எழுதிராதீங்க.”

எழுத மாட்டேன் என்றேன். ஆனால் பிடிக்காததை விட்டுவிட்டால் அது ஆராய்ச்சி இல்லையாமே. அதனால் எழுதிவிட்டேன். நல்ல அம்மா. மே இரண்டாம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மே 15, வியாழன்

கும்மிக்குப் போனேன். பாட்டு ஆரம்பிக்கும் முன் எல்லாரையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, நான் சொல்லிக் கொடுத்ததை மறந்துவிடுங்கள், உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். அப்பாடா என்றாள் தெய்வானை. வீட்டில் ஏழு பேர் என்று சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லையாம்.

பிறகு குழந்தைசாமியிடம் நானே போனேன். பஸ்ஸில் பழகிவிட்டதால் வார்த்தை தானாக வந்தது. அவர் காதுவரை சிவந்துபோய், முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா என்றார். நாலாவது பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் இடைவேளை என்று முடிவானது. பாத்ரூம் சாவி கேட்டுத் தலைமையாசிரியை வீட்டுக்கு நானும் ராசாமணியும் போனோம். தந்துவிட்டார். சாவி டி பிளாக்கில் இருக்கிறது.

மே 22, வியாழன்

சிந்துஜா பேச்சுப் பகுதியை ஆரம்பித்துவிட்டாள். நான் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பேச்சு வராத பாப்பாத்தி ரெக்கார்டர் முன்னால் இரண்டு மணி நேரம் பேசினாள். உள்ளே வந்த சிந்துஜாவின் கண் கலங்கியிருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்டேன். சொல்லமாட்டாளாம், பேசினவர்களுக்குக் கொடுத்த வாக்காம். அதுவும் சரிதான்.

மே 27, செவ்வாய்

ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டுவிட்டோம். கும்மி நாட்களில் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டபிறகு மாத்திரை போட்டுக்கொள்ளலாம், விடத்தான் கூடாது என்றார். மிட்டாய் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

அரங்கேற்றம் முடிந்தது. மஞ்சள் சேலையில் முப்பத்தேழு பேர் ஆடினோம், டி பிளாக் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் ராசாமணி, இரண்டாவது வரிசையில் நான். இரண்டாவது வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவர் தப்பு செய்வது நன்றாகத் தெரிகிறது. இரண்டு இடத்தில் தப்பினாள், சொல்லிவிட்டேன். நீங்களும்தான் ஒரு இடத்தில் தப்பினீர்கள் என்றாள்.

ஆடி முடித்து அரை மணி நேரம் கழித்து சிந்துஜா மிஷினைச் சுற்றினாள். ஒரே தடவைதான் பார்த்தாள், கையை மாற்றவில்லை. பேட்டரி மாற்றிவிட்டாள் போலிருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஆராய்ச்சிப் புத்தகத்தில் என் பெயர் வராது, ‘பங்கேற்பாளர் ஒன்று’ என்றுதான் வருமாம். யூனிட்டில் எல்லாரிடமும் அந்த ஒன்று நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

டைரியை நகல் எடுக்க அடுத்த மாதம் மறுபடி வருவாள். அப்போது இந்தப் பக்கத்தையும் படிப்பாள், அதனால் அவளுக்கே எழுதுகிறேன். கண்ணு சிந்துஜா, ரெட்டைச் சடை போட்டோவைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டேன். ஆணி காலியாக இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். புது போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு. போனில் அனுப்பாதே, அதை ஆணியில் மாட்ட முடியாது. படிவக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி இருக்கட்டும். பின்பக்கம் வெள்ளையாக விட்டுவிடாதே, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுது. அன்றைக்கு ஏன் சிரித்தாய் என்பதையும் எழுது.